சுற்றி வைக்க நன்று, சுற்றியபடி ஓட்ட அன்று: ஒரு 30 மீட்டர் ஒயர் ரீல்

காம்பவுண்டுச் சுவரில் டிரில் போடுவது, மாடித் தொட்டியில் தேங்கிய நீரைச் சிறு மோட்டார் வைத்து இறைப்பது, ஆடி மாதத்தில் தெருமுனை அம்மன் கோவிலுக்குச் சீரியல் செட் கட்டுவது என்று, பிளக் பாயிண்டுக்கு எட்டாத தூரத்தில் மின்சாரம் தேவைப்படும் வேலைகள் எந்த வீட்டிலும் வந்துகொண்டேதான் இருக்கும். இவற்றுக்குத் தமிழ்நாட்டு வீடுகளில் நெடுங்காலமாகக் கைகொடுத்துவருவது, தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒரு மரப்பெட்டியில் நான்கு சாக்கெட்டும் நான்கு சுவிட்சும் பொருத்தி, பத்துப் பதினைந்து மீட்டர் ஒயர் இணைத்துத் தரும் ஜங்ஷன் பாக்ஸ்தான். பெட்டியில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஒயரை வைத்துக்கொள்வதில்தான் தொல்லை. உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் இடையே சுற்றி, முனையை நடுவில் செருகி, ஆணியில் மாட்டிய ஒயரை அடுத்த முறை எடுக்கும்போது சிக்கெடுப்பதே தனி வேலையாகிவிடுகிறது. இதற்கு மாற்றாகக் கிடைப்பது, இரும்பு ஸ்டாண்டில் சுழலும் டிரம்மில் ஒயரைச் சுற்றி, டிரம்மின் முகத்திலேயே சாக்கெட்டுகளைப் பதித்த ரீல். 30 மீட்டர் ஒயர் கொண்ட அப்படிப்பட்ட ரீல் ஒன்றை வாங்கிப் பல மாதங்களாகப் பயன்படுத்திவரும் அனுபவத்தில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

தயாரிப்பின் பெயரை இங்கே தரவில்லை. ஒரே அச்சில் வார்த்த டிரம்மும் ஒரே மாதிரி ஸ்டாண்டும் நிறம் மட்டும் மாறி நான்கைந்து பெயர்களில் விற்பனையாவதைக் கடைகளில் பார்த்தேன். பெயரைச் சொல்வதால் வாங்குபவருக்குப் பயன் ஒன்றும் இராது. பொருளின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். தடித்த பிளாஸ்டிக் டிரம், மேலே கைப்பிடி உள்ள குழாய் ஸ்டாண்டு, ஒரே உறைக்குள் மூன்று கோர் (தனித்தனிக் கம்பி) கொண்ட 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், முகத்தில் மூடியுடன் கூடிய நான்கு சாக்கெட்டுகள், அவற்றின் நடுவே ஒரு சிவப்பு விளக்கும் சூடு மிகுந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட்டின் பொத்தானும், பக்கவாட்டில் சுற்றுவதற்கு ஒரு குமிழ், அச்சருகே டிரம்மை இறுக்கி நிறுத்த ஒரு திருகு. மொத்த எடை 5 கிலோவை ஒட்டி வரும். விலை 4,000 ரூபாய்க்குச் சற்று மேல்.

ஒயரைச் சுற்றி வைப்பது என்ற வேலையை மட்டும் எடுத்துக்கொண்டால், இந்த ரீல் அதைக் குறைவின்றிச் செய்கிறது. அதற்குக் காரணம் குமிழோ கைப்பிடியோ அன்று, டிரம் சுழல்வதுதான். கையில் வளையம் வளையமாகச் சுற்றும்போது ஒவ்வொரு வளையத்துக்கும் ஒயர் தன் அச்சில் ஒரு முறை முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கு உள்ளேயே தங்கி, பிரிக்கும்போது சுருளாகவும் சிக்காகவும் வெளிப்படுகிறது. மைக் செட் வைப்பவர்கள் இதை நன்கு அறிந்தவர்கள். ஒரு வளையத்தை மேலாகவும் அடுத்ததைக் கீழாகவும் மாற்றி மாற்றிப் போட்டு ஒரு முறுக்கை இன்னொன்றால் நேர்செய்துகொள்வார்கள். அல்லது தரையில் எட்டுப் போட்டு வைப்பார்கள். அந்தக் கைப்பழக்கம் இல்லாதவர்களுக்கு டிரம்மே அந்த வேலையைச் செய்து கொடுக்கிறது. டிரம் சுழன்று ஒயரை வாங்கிக்கொள்ளும்போதும் சுழன்று வெளியே விடும்போதும் ஒயரில் முறுக்கு ஏறுவதில்லை.

ஆனால் டிரம்மைச் சுழலவிடாமல் தரையில் படுக்கவைத்து, பக்கவாட்டு விளிம்பின் மேலாக ஒயரை உருவி எடுத்தால் இந்த நன்மை முழுவதும் போய்விடும். அப்படி உருவும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும். இந்த டிரம்மின் நடுத்தண்டு ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் விட்டம் கொண்டது. ஒயரின் தடிமன் 9 மில்லிமீட்டரை ஒட்டியது. 30 மீட்டரும் ஐந்து அடுக்குகளாக, 55 சுற்றுக்குக் குறையாமல் அமைகிறது. அவ்வளவு முறுக்கும் ஏறிய ஒயரை மறுபடி டிரம்மில் ஏற்ற முயன்றால், அது அடுக்கில் படியாமல் துள்ளி விளிம்பைத் தாண்டி வெளியே வந்து அச்சில் சிக்கும். அவசரத்தில் பலரும் ரீலைக் கிடத்திவிட்டு இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். பெட்டிக்குள் இருக்கும் குறிப்புத்தாளில் இதுபற்றி ஒரு வரியும் இல்லை.

சுற்றும்போது வலக்கையால் குமிழைத் திருப்பிக்கொண்டே, இடக்கையில் ஒரு பழைய பனியன் துணியை வைத்து அதன் வழியாக ஒயரை விடுவது நல்லது. தூசியும் ஈரமும் துணியோடு போய்விடும். ஒயர் ஓரத்திலிருந்து ஓரத்துக்குச் சீராகப் படியவும் அந்தக் கைதான் வழிகாட்ட வேண்டும். தானாக அடுக்கிக்கொடுக்கும் வழிகாட்டி எதுவும் இதில் இல்லை. கவனிக்காமல் சுற்றினால் ஒயர் நடுவில் குவிந்து, கடைசி நான்கைந்து மீட்டர் டிரம்மில் இடமில்லாமல் நிற்கும்.

ஸ்டாண்டைப் பற்றி அவ்வளவு திருப்தியாகச் சொல்ல முடியவில்லை. குழாய் உறுதியானதுதான், பெயின்ட்டும் உரியவில்லை. ஆனால் கால்களின் அகலம் போதாது. நேர்க்கோட்டில் இழுத்தால் நிற்கிறது. சற்றுப் பக்கவாட்டில் இழுத்தால் சாய்கிறது. ஒருவர் ரீலைக் காலால் மிதித்துக்கொள்ள, இன்னொருவர் ஒயரை எடுத்துச் செல்வது என்றால் இரண்டு ஆள் வேலையாகிவிடுகிறது. இறுக்கும் திருகை முழுதும் தளர்த்திவிட்டால் டிரம் தேவைக்கு மேல் வேகமாகச் சுழன்று, இழுப்பது நின்ற பின்னும் இரண்டு மூன்று சுற்று ஓடி ஒயரைத் தொளதொளவென்று ஆக்கிவிடுகிறது. திருகைப் பாதி இறுக்கத்தில் வைத்தால் இரண்டுக்கும் நடுவான ஒரு நிலை கிடைக்கிறது. பிளக்கைப் பிடித்து வைக்க டிரம்மின் ஓரத்தில் கொடுத்திருந்த சிறிய பிளாஸ்டிக் கிளிப், வாங்கிய சில நாட்களிலேயே உடைந்துவிட்டது. சைக்கிள் டியூப்பில் வெட்டிய ரப்பர் வளையம் அதைவிடச் சிறப்பாக அந்த வேலையைச் செய்கிறது.

சாக்கெட்டுகள் டிரம்மோடு சேர்ந்தே சுழல்பவை என்பதை வாங்குபவர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். ஏதேனும் ஒரு கருவியை அதில் மாட்டிவிட்டால் அதன் பின் ஒயரைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. மாட்டிய கருவியின் ஒயரும் டிரம்மோடு சேர்ந்து சுற்றிக்கொள்ளும். எனவே முதலில் தேவையான அளவு பிரித்துவிட்டு, பிறகு மாட்ட வேண்டும். முடிக்கும்போது முதலில் சுவரில் உள்ள பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதன் பிறகே சுற்றத் தொடங்க வேண்டும்.

டிரம்மின் முகத்தில் உள்ள நான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றினால் உள் இணைப்பைப் பார்க்கலாம். ஒயரின் உள்முனை நடுத்தண்டில் உள்ள துளை வழியாக வந்து சாக்கெட்டுகளின் பித்தளைப் பட்டைகளோடு இணைகிறது. மூன்று கோர்களுக்கும் முனையில் லக் எனும் உலோக முனையை அழுத்திப் பொருத்தி, ஸ்க்ரூவில் இறுக்கியிருக்கிறார்கள். பச்சை நிற எர்த் ஒயர் நான்கு சாக்கெட்டுகளுக்கும் முறையாகச் சென்றிருக்கிறது. இவை பாராட்டத்தக்கவை. ஆனால் ஒயர் உள்ளே நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்க வேண்டிய கிளாம்ப் இல்லை. அதற்குப் பதிலாக ஒயரின் மேலுறையில் ஒரு கேபிள் டையைக் கட்டி, அது துளையில் தடுத்து நிற்கும் என்று விட்டிருக்கிறார்கள். கடைசிச் சுற்று வரை ஒயரை இழுத்து, அது தீர்ந்தது தெரியாமல் இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால், அந்த விசை முழுவதும் ஸ்க்ரூ இணைப்புகளின் மேல்தான் விழும். அங்கே முதலில் கழன்றுகொள்வது எர்த்தாக இருந்தால், கருவிகள் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும். பாதுகாப்பு மட்டும் போயிருக்கும், யாருக்கும் தெரியாது. இரண்டு ஸ்க்ரூ கொண்ட சாதாரணக் கிளாம்ப் ஒன்றை மின்சாதனக் கடையில் வாங்கிப் பொருத்திக்கொண்டேன். சில ரூபாய்தான் ஆகும் ஒரு பாகத்தை 4,000 ரூபாய்ப் பொருளில் விட்டுவிட்டது கஞ்சத்தனம் என்றே சொல்ல வேண்டும்.

அடுத்து ஒயரின் தரம். ரீலின் விலையில் பெரும்பங்கு ஒயரின் செம்புக்குத்தான் போகிறது. ஏமாற்றும் அங்கேதான் நடக்கிறது. வெறும் மூன்று கோர் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை 30 மீட்டர் தனியாக வாங்க என்ன விலை ஆகும் என்று அதே கடையில் கேட்டுவிட்டு, அதைவிடக் குறைந்த விலைக்கு டிரம், ஸ்டாண்டு, சாக்கெட் எல்லாம் சேர்த்து ஒரு ரீல் கிடைக்கிறது என்றால், உள்ளே இருப்பது அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பியாகவோ, உறை மட்டும் தடித்த மெல்லிய கம்பியாகவோ இருக்க வாய்ப்பு மிகுதி. எடையும் ஒரு சாட்சிதான். 30 மீட்டர் நீளத்தில் மூன்று கோருக்கும் சேர்த்துச் செம்பு மட்டும் 1.2 கிலோ இருக்க வேண்டும். அதே அளவில் அலுமினியம் என்றால் அரைக் கிலோகூட வராது. நம்பிக்கை வராவிட்டால் பிளக்கின் மூடியைக் கழற்றி, கம்பி இழைகளை எண்ணலாம். 1.5 சதுர மில்லிமீட்டர் வளையும் ஒயரில், 0.25 மில்லிமீட்டர் இழைகளாக இருந்தால் 30 இழைகள் இருக்கும். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளேயும் செம்பு நிறமே தெரிய வேண்டும். வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். நான் வாங்கியதில் இழைகளின் எண்ணிக்கையும் சரியாக இருந்தது, நிறமும் சரியாக இருந்தது.

இவ்வளவும் சரியாக இருந்தும் இந்த ரீலைத் தயக்கமில்லாமல் பரிந்துரைக்க முடியாமல் இருப்பதற்குக் காரணம், பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் 3,000 வாட் என்ற ஒற்றை எண். டிரம்மின் பின்பக்கம், ஸ்டாண்டின் குழாய் மறைக்கும் இடத்தில் ஒட்டியிருக்கும் சிறிய ஸ்டிக்கரில் இரண்டு எண்கள் இருக்கின்றன: ஒயர் முழுதும் பிரித்த நிலையில் 3,000 வாட், சுற்றிய நிலையில் 1,000 வாட். வீட்டு உபயோகக் கேபிள் ரீல்களுக்கென்று ஐ.இ.சி. 61242 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது; ஐரோப்பியச் சந்தைக்கான ரீல்களில் இந்த இரண்டு எண்களும் பளிச்சென்று தெரியும்படி இருப்பது வழக்கம். இங்கே இரண்டாவது எண்ணைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கடைக்காரருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு வெறும் எச்சரிக்கை உணர்வால் வந்ததன்று. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 13.3 ஓம் வரை மின்தடை இருக்கலாம். 30 மீட்டர் ரீலில் மின்சாரம் போகவும் வரவும் 60 மீட்டர் கடக்கிறது. ஆகவே மின்தடை 0.8 ஓம். 3,000 வாட் கருவி 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். அப்போது ஒயரில் மட்டும் உண்டாகும் வெப்பம் 136 வாட். ஒயர் தரையில் நீளமாகக் கிடந்தால் அது மீட்டருக்கு நாலரை வாட் என்று பரவிக் காற்றோடு போய்விடும், யாரும் உணரக்கூட மாட்டார்கள். அதே வெப்பம் 24 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிரம்முக்குள், ஐந்து அடுக்கு பி.வி.சி. உறைகளுக்கிடையே உண்டானால் வெளியேற வழியில்லை; குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டுப் போர்வைக்குள் சுருட்டி வைப்பதற்கு ஒப்பான காரியம் அது. சுமையை 1,000 வாட்டாகக் குறைத்தால் ஆம்பியர் மூன்றில் ஒரு பங்காகிறது. வெப்பமோ ஒன்பதில் ஒரு பங்காகி, 15 வாட் அளவில் நின்றுவிடுகிறது. ஸ்டிக்கரில் உள்ள இரண்டாவது எண்ணின் பின்னுள்ள கணக்கு இதுதான்.

ஒயர் சுருளாக இருப்பதால் காந்தப்புலம் உண்டாகி அதனால்தான் சூடேறுகிறது என்று எலக்ட்ரீஷியன்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியன்று. ஒரே உறைக்குள் பேஸ் ஒயரில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாகவும் எதிரெதிராகவும் இருப்பதால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. சூட்டுக்குக் காரணம் ஒயரின் மின்தடையும், அந்தச் சூடு வெளியேற முடியாத நெருக்கமுமே. இதைச் சொல்வது வெறும் விவாதத்துக்காக அன்று. காந்தம்தான் காரணம் என்று நம்புபவர்கள், ஒயரைத் தளர்வாகச் சுற்றினாலோ நாலைந்து சுற்றுகளைப் பிரித்துவிட்டாலோ போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. டிரம்மில் எத்தனை மீட்டர் மிச்சம் இருக்கிறதோ அத்தனை மீட்டரின் வெப்பமும் டிரம்முக்குள்ளேயேதான் இருக்கும்.

பெட்டியின் எண்ணைச் சோதிப்பதற்காக, ஒயரில் இரண்டு மீட்டர் மட்டும் வெளியே எடுத்து, ஒரு பெரிய அண்டா நீரில் 2,000 வாட் வாட்டர் ஹீட்டரை இட்டு, அருகிலேயே இருந்து கவனித்தேன். முக்கால் மணி நேரம் கழித்து டிரம்மின் வெளி அடுக்கு வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தது. தொட்டுப் பார்ப்பவர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் முடிவு செய்வார். மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒயரைப் பிரிக்கப் பிரிக்க, மூன்றாவது அடுக்குக்கு வந்தபோது விரலை வைத்திருக்க முடியவில்லை. உறை இளகிப் பிசுபிசுத்து, பக்கத்துச் சுற்றோடு ஒட்டியிருந்த இடங்கள் பிரியும்போது சின்னச் சத்தத்தோடு விட்டன. சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும் என்று கணக்கு. சூடு கண்டால் துண்டிக்க வேண்டிய கட்-அவுட் அதுவரை அசையவே இல்லை. ஏன் என்பது அதன் இருப்பிடத்தைப் பார்த்தால் விளங்குகிறது. சாக்கெட்டுகள் பொருத்திய முகத்தட்டில், காற்றோட்டமுள்ள இடத்தில் அது இருக்கிறது. மிகுதியாகச் சூடேறும் நடு அடுக்குகளுக்கும் அதற்கும் இடையே பிளாஸ்டிக் சுவர் ஒன்று நிற்கிறது. சாக்கெட்டுகளில் சுமை அளவுக்கு மீறினால் அது வேலை செய்யும் என்று நம்பலாம். சுற்றிய ஒயரைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது. இந்தப் பொருளில் நான் கண்ட குறைகளில் மன்னிக்க முடியாதது இது ஒன்றுதான்.

மின்னழுத்தம் குறைவதும் கவனிக்க வேண்டியது, ஆனால் அவ்வளவு பெரிதன்று. 10 ஆம்பியர் இழுக்கும் கருவிக்கு இந்த ரீலின் வழியே 8 வோல்ட் குறையும். வீட்டில் 230 வோல்ட் இருந்தால் கருவிக்கு அது தெரியப்போவதில்லை. மோட்டார்களில்தான் கதை வேறு. அரை ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது 4 ஆம்பியருக்குள் இழுத்தாலும், கிளம்பும் நொடியில் அதைப் போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும்; அந்த நொடியில் ஒயரிலேயே 16 வோல்ட் போய்விடும். லைனின் கடைக்கோடியில் இருந்து, மாலை நேரத்தில் ஏற்கெனவே 200 வோல்ட்டுக்குக் கீழே தவழும் வீடுகளில் மோட்டார் கிளம்பாமல் உறுமிக்கொண்டு நிற்க அதுவே போதும். ஒரு ரீலின் முனையில் இன்னொரு ரீலை மாட்டி நீட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

இன்னொரு நடைமுறைச் சிக்கல், ரீலின் பிளக். 3,000 வாட் என்று சொல்வதால் 16 ஆம்பியர் பெரிய த்ரீ பின் பிளக் கொடுத்திருக்கிறார்கள், அது முறைதான். ஆனால் நம் வீடுகளில் அந்த அளவு பாயிண்ட் சமையலறையிலும் குளியலறை ஹீட்டருக்கும் ஏ.சி.க்கும் மட்டும்தான் இருக்கும். வாசலுக்கு அருகே, வராந்தாவில், ஹாலில் இருப்பவை 6 ஆம்பியர் பாயிண்டுகள். உடனே கைக்கு வருவது பெரிய பிளக்கைச் சிறிய சாக்கெட்டில் மாட்ட உதவும் கன்வெர்ஷன் பிளக். அதை மாட்டிவிட்டால் ரீலில் என்ன எழுதியிருந்தாலும், அது 6 ஆம்பியர் பாயிண்டின் ரீல்தான்; 1,300 வாட்டுக்கு மேல் அதில் எதையும் ஓட்டக்கூடாது. வாங்குவதற்கு முன், வீட்டில் எந்தப் பாயிண்டிலிருந்து இதை எடுக்கப் போகிறோம் என்று பார்த்துவிட்டுப் போவது நல்லது. என் வீட்டில் சமையலறை ஜன்னல் வழியாகத்தான் ஒயர் வெளியே போகிறது, அம்மாவுக்கு அதில் தீராத வருத்தம்.

சுற்றிய நிலையிலேயே பயன்படுத்தக்கூடிய வேலைகளும் இருக்கின்றன, அவற்றில் இந்த ரீல் மிக வசதியானது. கோவில் விழாவுக்குக் கட்டும் எல்.இ.டி. சீரியல் செட்டுகள், 100 வாட் எல்.இ.டி. ஃபிளட் லைட் இரண்டு, ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயர் எல்லாம் சேர்ந்தாலும் 500 வாட்டை எட்டுவது கடினம். முன்பு 1,000 வாட் ஹாலஜன் விளக்குகள் கட்டிய காலத்தில் இதே ரீல் ஆபத்தானதாக இருந்திருக்கும். டேபிள் டாப் கிரைண்டர், ஃபேன், லேப்டாப், டிரில் ஆகியவையும் கவலையற்றவை. மார்பிள் கட்டர், பிரஷர் வாஷர், இஸ்திரிப்பெட்டி, ஹீட்டர், இண்டக்ஷன் அடுப்பு ஆகியவற்றுக்கு, இரண்டு மீட்டர் தூரமே தேவையென்றாலும் 30 மீட்டரையும் டிரம்மிலிருந்து எடுத்துக் கீழே விட்டாக வேண்டும். பந்தலில் சமையல் நடக்கும் இடத்தில் அதைச் செய்ய யாருக்குப் பொறுமை இருக்கும் என்பது வேறு கேள்வி. மைக் ஒயருக்கோ இந்தக் கவலை எதுவும் இல்லை. அதில் ஓடும் மின்னோட்டம் மிகச் சிறியது. அதனால்தான் பெரிய மேடைகளில் மைக் ஒயர்க் கற்றையை டிரம்மில் சுற்றியபடியே வைத்துக்கொண்டு தேவையான அளவு மட்டும் இழுக்கிறார்கள்.

சாக்கெட்டுகளின் மூடிகளை நம்பி மழையில் வைக்கக்கூடாது. ஐ.பி. 44 என்று அச்சிட்டிருப்பது தெறிக்கும் நீரைத் தாங்கும் என்ற பொருளில்தான்; அதுவும் மூடி மூடியிருக்கும்போது. நம் பெரிய பிளக்கை மாட்டியதும் மூடி திறந்தபடியே நிற்கிறது. தரையில் நீர் ஓடும் வாய்ப்பிருந்தால் ரீலை ஒரு ஸ்டூலின் மேலோ செங்கல் அடுக்கின் மேலோ வைக்க வேண்டும். வீட்டு மெயினில் மின்கசிவு கண்டதும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாதவர்கள், இதை வெளியே எடுத்துச் செல்லும் முன் அதைப் பொருத்திக்கொள்வது நல்லது; ஈரக்கையும் ஈரத்தரையும் சேரும் இடத்தில், மின்னோட்டம் அளவு மீறினால் மட்டும் துண்டிக்கும் எம்.சி.பி. உயிரைக் காப்பாற்றாது, அது ஒயரைக் காப்பாற்றுவதற்காக உள்ளது.

வேறு எதை வாங்கலாம் என்று கேட்டால், என் விருப்பம் வெற்று டிரம்தான். சாக்கெட்டும் ஸ்டாண்டும் மட்டும் உள்ள டிரம் ஒயர் இல்லாமல் தனியாகவும் கிடைக்கிறது. ஒயரை நாமே நம்பிக்கையான கடையில் மீட்டர் கணக்கில் வாங்கி, எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து இணைத்துக்கொள்ளலாம். வெளியே பவர் டூல் ஓட்டுபவர்கள் 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டுக்கொள்ளட்டும். அதே 30 மீட்டருக்குக் கணக்கிட்டால் அதில் மின்தடை 0.48 ஓமாகக் குறையும். 13 ஆம்பியரில் உண்டாகும் வெப்பம் 136 வாட்டிலிருந்து 81 வாட்டுக்கு இறங்கும். ஒயர் தடிப்பதால் அதே டிரம்மில் 20 மீட்டருக்கு மேல் கொள்வது கடினம், எடையும் கூடும். பெரும்பாலான வீடுகளுக்கு 20 மீட்டர் தாராளம். 30 மீட்டர் என்ற எண் கடையில்தான் கவர்ச்சியாக இருக்கிறது. மெக்கானிக் ஷாப்புகளில் கூரையில் தொங்கும், இழுத்துவிட்டால் ஸ்பிரிங் விசையில் தானே உள்ளே ஓடும் ரீல்களும் உண்டு. ஓரிடத்தில் நிலையாக வைத்துப் பயன்படுத்த அவை நல்லவை, தூக்கிச் செல்ல உகந்தவை அல்ல. சார்ஜர் ஒயருக்கும் இயர்போனுக்கும் வரும் சின்னச் சுருட்டிகளைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, ஒரு ரப்பர் பேண்டு போதும்.

பயன்படுத்தாத நாட்களில் ரீலை மொட்டை மாடியில் வெயிலில் விடாமல், தரையிலும் வைக்காமல், சுவரில் தடித்த கொக்கி அடித்து மாட்டிவைப்பது சரி. வெயிலில் பி.வி.சி. விறைத்து வெடிப்பு விடும். தரையில் வைத்தால் எலிகளுக்கு எளிது. வேலை முடிந்ததும் சூடாக இருக்கும் ஒயரை உடனே இறுக்கிச் சுற்றாமல் சற்று ஆறவிட்டுச் சுற்றினால் உறை உருமாறாது.

உத்தரவாதம் ஓராண்டு என்று பில்லில் எழுதியிருக்கிறார்கள், ஆனால் அது சாக்கெட், கட்-அவுட் ஆகியவற்றுக்கு மட்டும். ஒயருக்கும் பிளாஸ்டிக் பாகங்களுக்கும் இல்லை. உடைந்த கிளிப்பைக் காட்டியபோது கடையில் சிரித்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். கிளாம்ப் இல்லாததைச் சொன்னபோது, இதுவரை யாரும் கழற்றிப் பார்த்ததில்லை என்றார்கள். சுற்றும் குமிழ் தனியாக உதிரிப் பாகமாகக் கிடைக்கிறது, மற்றவை கிடைப்பதில்லை. நான்கு ஸ்க்ரூவில் திறந்துகொள்ளும் பொருள் என்பதால் ஒயரையும் சாக்கெட்டையும் எந்த எலக்ட்ரீஷியனும் மாற்றித் தர முடியும். இப்போதைய ஒயர் கடினப்படும்போது இதே டிரம்மில் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை 20 மீட்டர் ஏற்றிக்கொள்வதாக இருக்கிறேன்.